ஒரே இசைவரி, பல கருவிகள்: கணினி இசைப்பதிவில் அடுக்குமுறையின் வரலாறு – சிங்கப்பூரை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

இசைப்பதிவு மென்பொருளில் ஒருமுறை வாசித்துப் பதிந்த ஒரே இசைப்பகுதியைக் கொண்டு பல மெய்நிகர் இசைக்கருவிகளை ஒருசேர ஒலிக்கச் செய்யும் முறை இன்று பரவலாக வழக்கில் உள்ளது. விசைப்பலகையில் ஒரு விரல் ஒரு கட்டையை அழுத்துகிறது. வீணையும் குழலும் வயலின் குழுவும் அச்சுரத்தை ஒன்றாக ஒலிக்கின்றன. இம்முறையை இக்கட்டுரை 'அடுக்குமுறை' என்னும் சொல்லால் குறிக்கிறது.

அடுக்குமுறையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பயன்பாட்டுக் கையேடுகளாகவே அமைந்துள்ளன. தமிழிசை வரலாற்றின் பகுதியாக அதனை நோக்கும் முயற்சிகள் குறைவு. ஆயினும், கடந்த நாற்பது ஆண்டுகளில் பதிவான தமிழ்ப் பாடல்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள விரும்பும் ஆய்வாளர், இம்முறையை அறியாமல் அப்பாடல்களைச் சரியாகக் கேட்க இயலாது. இருபது பேர் வாசித்ததாகத் தோன்றும் ஒரு பதிவு ஒருவருடைய வலக்கையால் மட்டுமே உருவானதாக இருக்கலாம். கேட்பது எது, வாசிக்கப்பட்டது எது என்ற வேறுபாடே இங்கு அடிப்படையானது.

ஒரு வரியைப் பல கருவிகள் சேர்ந்து இசைப்பது தமிழிசைக்குப் புதியதன்று. அவ்வரியை ஒரே கை எல்லாக் கருவிகளுக்கும் வாசிப்பதே புதியது. இக்கருத்தை நிறுவும் பொருட்டு, அடுக்குமுறையின் முன்வடிவங்கள், 1983இல் தோன்றிய மிடி நெறிமுறை, சென்னைத் திரையிசையில் அதன் வருகை, சிங்கப்பூரின் பங்கு, கமகத்தால் எழும் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

கணினிக்கு முந்திய அடுக்குகள்

மேலைச் செவ்வியல் இசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் சேர்ந்தொலித்துப் பொருளுணர்த்துகின்றன. தமிழிசை மரபு ஒற்றை இசைவரியை மையமாகக் கொண்டது. கச்சேரியில் பாடகரின் வரியையே வயலின் பின்தொடர்கிறது. நாகசுரத்தில் இருவர் இணைந்து ஒரே கீர்த்தனையை வாசிக்கும் மரபு உண்டு. திருவீழிமிழலைச் சகோதரர்கள் அவ்வாறு இணைந்து வாசித்துப் புகழ்பெற்றவர்கள். பின்னணியில் ஒத்து ஆதார சுருதியை நிறுத்திவைக்கிறது.

இவ்வகைச் சேர்க்கையில் கருவிகள் ஒரே வரியை இசைத்தாலும், ஒலிப்பு ஒன்றாவதில்லை. வயலின் கலைஞர் பாடகரின் பிடியைக் கேட்ட மறுகணமே அதனைத் தம் வில்லில் ஏற்கிறார். அந்தச் சிறு இடைவெளியும் பிடியின் சிறு மாறுபாடும் இரு மனங்கள் ஒரு வரியில் உள்ளன என்பதைக் காட்டுகின்றன. கேட்பவருக்கு இன்பம் தருவதும் அதுவே.

ஒரே விரலால் பல ஒலிகளை எழுப்பும் கருவியும் கணினிக்கு முன்பே தமிழர்களிடம் வந்துவிட்டது. ஆர்மோனியத்தின் ஒரு கட்டைக்கு இரண்டு அல்லது மூன்று ரீடுகள் அமைக்கப்படுவதுண்டு. முன்புறக் குமிழ்களை இழுத்தால் ஒவ்வொரு ரீடு வரிசையும் சேர்ந்துகொள்ளும். கப்ளர் பொருத்திய பெட்டியில் அழுத்திய கட்டையோடு மற்றொரு தாயியின் கட்டையும் தானாக இறங்கும். பாரிசில் அலெக்சாந்தர் தெபெய்ன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற இக்கருவி, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் உருவாக்கிய கைத்துருத்தி வடிவில் இந்தியா முழுவதும் பரவியது. தமிழ் நாடக மேடையில் அது தலைமைக் கருவியாயிற்று. கூரையில்லாக் கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டைக் கொண்டுசேர்க்க வேண்டிய தேவை, இரட்டை ரீடுகளைக் கொண்ட பெட்டியை நாடகக்காரர்கள் விரும்பக் காரணமாயிற்று எனலாம்.

ஆர்மோனியம் எழுப்பிய விவாதமும் நினைவுகொள்ளத்தக்கது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது; 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. நிலையான சுரங்களை மட்டுமே எழுப்பும் கட்டைக் கருவியால் கமகத்தைக் காட்ட இயலாது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. அதே வினாவே மிடியின் வருகைக்குப் பின்னர் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது.

ஒலியும் ஆணையும் பிரிந்த ஆண்டு

அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித், சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குரிய பொது நெறிமுறை ஒன்றை 1981இல் ஒலிப் பொறியியலாளர் கழகத்தில் முன்மொழிந்தார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கெஹாஷியும் அதே நோக்கில் முயன்றுவந்தார். 1983 சனவரியில் கலிபோர்னியாவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புரோஃபெட் 600 கருவியும் ரோலண்டின் ஜூப்பிட்டர் 6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றொன்றிலும் ஒலித்தது. போட்டியாளர்களான இரு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வரியை இசைத்த அந்த நிகழ்ச்சி, அடுக்குமுறையின் முதல் பொதுக்காட்சியாகவும் அமைந்தது. காக்கெஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் ஆணைகளை மட்டுமே அது கடத்துகிறது. கட்டைகளுக்கு 128 எண்கள். அழுத்த வேகத்துக்கும் 128 அளவுகள். ஒரு கம்பியில் 16 சேனல்கள். கம்பியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். ஒரு சுரத்தைத் தொடங்கும் ஆணை மூன்று பைட்டுகளாலானது. ஒவ்வொரு பைட்டும் கம்பியில் பத்துப் பிட்டுகளாகச் செல்வதால், ஓர் ஆணை சென்றுசேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது. ஆகவே, ஒரே சுரத்தை நான்கு சேனல்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால், முதற்கருவிக்குப் பின் மூன்று மில்லிநொடி கழித்தே நான்காம் கருவி தன் ஆணையைப் பெறும். நான்கையும் ஒரே சேனலில் அமைத்தால் ஓர் ஆணையே எல்லாவற்றுக்கும் போதும்.

ஒலியினின்று ஆணையைப் பிரித்ததன் விளைவு பெரிது. ஒருமுறை வாசித்ததைப் பின்னர் எந்தக் கருவியின் குரலிலும் கேட்கலாம் என்ற நிலை உருவானது. 1988இல் வெளிவந்த கோர்க் எம்1 கருவி எட்டுக் குரல்கள்வரை ஒரே விசைப்பலகையில் சேர்க்கும் வசதியை ஒரே பெட்டிக்குள் கொண்டிருந்தது. பின்னர் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி நெறிமுறையை வெளியிட்டு, 1999இல் அதனை மெய்நிகர் இசைக்கருவிகளுக்கும் விரித்தது. பெட்டிகளும் கம்பிகளும் திரைக்குள் புகுந்தன. மென்பொருளுக்குள் ஆணையைப் படியெடுத்து அனுப்புவதற்குக் கம்பியின் வேகம் தடையாவதில்லை. அடுக்குகளின் எண்ணிக்கையைக் கணினியின் திறனே வரையறுக்கிறது.

இன்றைய மென்பொருள்களில் இதற்கு இருவழிகள் உள்ளன. பதிந்த இசைப்பகுதியைப் படியெடுத்து, ஒவ்வொரு படியையும் தனித் தடத்தில் ஒரு கருவிக்கு ஒப்படைப்பது ஒன்று. ஒரே பகுதியை வைத்துக்கொண்டு, அதன் ஆணைகளைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பது மற்றொன்று. 2006இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் 6இன் கருவிச் சட்டமும், 2013இல் வெளிவந்த லாஜிக் புரோ எக்ஸின் தடத் தொகுப்பும் இரண்டாம் வழிக்குரியவை. முதல் வழியில் ஒவ்வொரு படியையும் தனியே திருத்தலாம். இரண்டாம் வழியில் ஒரு திருத்தம் எல்லா அடுக்குகளையும் ஒருங்கே மாற்றும். எளிமை கருதி இரண்டாம் வழியைத் தேர்வோர் இழப்பது எது என்பது பின்னர்க் காட்டப்படும்.

சென்னைத் திரையிசையில் மிடி

தமிழ்த் திரையிசை இந்நெறிமுறையை விரைவாகவே ஏற்றது. இளையராசா இசையமைத்த 'புன்னகை மன்னன்' (1986) கணினிவழித் தொடரமைப்பியைப் பயன்படுத்திய முன்னோடி இந்தியப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. பெருங்குழுவைக் கைவசம் வைத்திருந்த இசையமைப்பாளர் ஒருவர் கணினியை நாடியது கவனத்துக்குரியது. அக்கட்டத்தில் கணினி குழுவோடு சேர்ந்த ஒரு கருவியாகவே இருந்தது.

ஏ.ஆர். ரகுமானின் பணியில் நிலைமை மாறியது. இசைத்துறையில் பணியாற்றிய அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின், வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. இளமையிலேயே விசைப்பலகைக் கலைஞராகப் பலரிடம் பணியாற்றிய ரகுமான், 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. ஒரு வரியை ஒரு நிறத்தில் வாசித்து, அதன்மேல் மற்றொரு நிறத்தைச் சேர்த்து, பாடகர்களையும் தனிக்கலைஞர்களையும் வெவ்வேறு நாள்களில் பதிந்து, பின்னர் அவற்றிலிருந்து தேர்ந்து கோக்கும் முறை தமிழ்ச் செவிகளுக்கு அப்போதுதான் பழக்கமாயிற்று. ஒலிப்பதிவுக்கூடம் வீட்டுக்குள் வந்ததும் இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பமாகும்.

இம்மாற்றத்தின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மும்பைத் திரையிசைக் கலைஞர்களின் வாழ்வைப் பற்றிக் கிரெகரி பூத் 2008இல் வெளியிட்ட ஆய்வு நூல், பெருங்குழுவாக ஒரே அறையில் அமர்ந்து வாசித்த பணிமுறை இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மறைந்ததை அவர்களுடைய சொற்களின் வழியாகவே பதிவுசெய்கிறது. சென்னையிலும் போக்கு வேறன்று. மூன்றாம் வரிசை வயலின் கலைஞர் தனித்துக் கேட்கப்படுவதில்லை. குழுவின் பருமனுக்கே அவர் அழைக்கப்பட்டார். அப்பருமனையே அடுக்குமுறை முதலில் ஈடுசெய்தது. ஆகவே முதலில் பணியிழந்தவரும் அவரே.

சிங்கப்பூரின் பங்கு

வீட்டுக்கணினியில் இசை ஒலிப்பதற்குரிய ஒலி அட்டையை உலகெங்கும் பரப்பியது ஒரு சிங்கப்பூர் நிறுவனம் என்பதை நம் இசை வரலாறுகள் குறிப்பிடத் தவறுகின்றன. சிம் வோங் ஹூ, தம் நண்பர் இங் காய் வாவுடன் 1981இல் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். இசை ஒலிக்கும் கணினி ஒன்றை உருவாக்குவது அவருடைய தொடக்கக் கனவாக இருந்தது. 1986இல் வெளிவந்த கியூபிக் சிடி என்னும் கணினி வணிக வெற்றி பெறவில்லை. எனினும் அதன் ஒலித் தொழில்நுட்பத்தைத் தனி அட்டையாக்கும் எண்ணம் பிறந்தது. 1989இல் வெளியான சவுண்டு பிளாஸ்டர் உலகச் சந்தையை வென்றது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற பெயரையும் கிரியேட்டிவ் பெற்றது. சிம் 2023 சனவரியில் காலமானார்.

அடுக்குமுறைக்கு நேரடித் தொடர்புடையது 1994இல் வெளிவந்த சவுண்டு பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டையாகும். அமெரிக்காவின் ஈ-மியூ சிஸ்டம்ஸ் நிறுவனத்தைக் கிரியேட்டிவ் 1993இல் வாங்கியிருந்தது. அந்நிறுவனத்தின் மாதிரி ஒலித் தொழில்நுட்பம் இவ்வட்டையில் இடம்பெற்றது. அட்டையில் 512 கிலோபைட் நினைவகம் இருந்தது. அதனை 28 மெகாபைட் வரை விரிக்கலாம். ஒரே நேரத்தில் 32 குரல்கள் ஒலிக்கும். ஒரு சுரத்துக்கு மூன்று அடுக்குகள் வைத்தால், ஏறத்தாழப் பத்துச் சுரங்களோடு அத்திறன் தீர்ந்துவிடும். அக்கால இசைவாணர் அடுக்குகளைச் சிக்கனமாகத் தேர்ந்ததற்கு இக்கணக்கும் ஒரு காரணமாகும்.

இவ்வட்டையோடு வந்த சவுண்டுஃபாண்ட் என்னும் கோப்பு வடிவம் மேலும் முதன்மையானது. பயனர் தாமே பதிந்த ஒலிகளை அதில் ஏற்றலாம். மாதிரி ஒலிகள் சேர்ந்து ஒரு கருவியாகவும், கருவிகள் சேர்ந்து ஒரு குரலாகவும் அமையும் படிநிலை அதில் உண்டு. ஒரே கட்டைக்கு இரண்டு மூன்று கருவிகளை அடுக்குவதற்கு அவ்வமைப்பே இடமளித்தது.

தமிழிசைக்கு இதனால் விளைந்த நன்மையை உணர, 1991இல் வகுக்கப்பட்ட பொது மிடித் தரத்தை நோக்குதல் வேண்டும். அதன் 128 குரல்களுள் சித்தாரும் ஷெனாயும் உள்ளன. வீணையும் நாகசுரமும் இல்லை. மிருதங்கமும் தவிலும் இல்லை. நாகசுரத்தை நாடிய ஒருவர் 112ஆம் குரலான ஷெனாயையும் 69ஆம் குரலான ஓபோவையும் அடுக்கி, அதன் சாயலைத் தேட வேண்டியிருந்தது. பட்டியலில் இடம்பெறாத கருவிகளைக் கொண்டோருக்கு அடுக்குமுறை இவ்வாறு ஓர் இன்றியமையாத் தேவையாயிற்று. பயனரே ஒலியை ஏற்றலாம் என்ற நிலை வந்தபோது, அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழி அவர்களுக்கும் திறந்தது. அவ்வழியைத் திறந்த தொழில்நுட்பம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் பெயரில் வெளிவந்தது என்பது இவ்வட்டாரத் தமிழர் அறியவேண்டிய செய்தியாகும்.

தெம்பனிஸ்: புதுநகரும் அடுக்குமுறையும்

சிங்கப்பூர்த் தமிழர் இம்முறையை ஏற்ற சூழலை விளங்கிக்கொள்ள, அவர்கள் வாழும் இடத்தை நோக்குவது பயன்தரும். தெம்பனிஸ் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. தெம்பினிஸ் என்னும் மரத்தால் பெயர்பெற்ற இப்பகுதி, முன்னர்க் கம்பங்களும் மணற்குழிகளும் நிறைந்திருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) இங்கு எழுப்பிய புதுநகர் 1980களில் வளர்ந்தது. 1989 டிசம்பரில் பெருவிரைவு ரயில் வந்தது. 1992இல் உலகக் குடியிருப்பு விருது இந்நகருக்காக வீவகவுக்கு வழங்கப்பட்டது. இன்று இங்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியர்களும் பிற இனத்தவரும் ஓர் அண்டைக் குடியிருப்பில் 10 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டையும் தாண்டலாகாது என்று தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. 2010இல் அவ்வரம்புகள் முறையே 12, 15 என உயர்த்தப்பட்டன. பல்லினத்தார் அண்டை அயலாராக வாழ்ந்து நல்லிணக்கம் பேண இக்கொள்கை துணைநின்றது. அதே வேளையில், சிராங்கூன் சாலை, செம்பவாங் கடற்படைத்தளம் ஆகிய வட்டாரங்களில் ஒருகாலத்தில் செறிந்து வாழ்ந்த தமிழர்கள் தீவெங்கும் பரவினர். மிருதங்கக் கலைஞர் ஒருவர் தெம்பனிசிலும் குழல் வாசிப்பவர் ஒருவர் ஜூரோங்கிலும் வசிக்கும் நிலையில், ஒத்திகைக்குத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

அடுக்குமாடி வீட்டின் அமைப்பும் நோக்கத்தக்கது. சுவரின் மறுபுறம் மற்றொரு குடும்பம் உறங்குகிறது. தவிலையும் நாகசுரத்தையும் அங்கு இரவில் வாசிக்க இயலாது. வேலை முடிந்து வீடு திரும்பி இசையில் ஈடுபடுவோருக்குக் கிடைப்பதோ இரவுதான். காதொலிப்பானை அணிந்துகொண்டு ஒரு சிறு விசைப்பலகையின்மூலம் முழுக் குழுவையும் எழுப்பும் வசதி, இத்தகைய வாழ்க்கைமுறைக்குப் பொருந்திவந்தது. அடுக்குமுறையின் பரவலுக்குப் பொருளாதாரச் சிக்கனம் மட்டுமே காரணம் என்பார் கூற்றோடு, குடியிருப்பின் அமைப்பையும் ஒரு காரணமாகச் சேர்த்தெண்ண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

உயிருள்ள கலைஞர்களைக் கொண்டு ஒரே வரியை அடுக்கும் மரபும் சிங்கப்பூரில் தொடர்ந்தது. 1949இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் வாய்ப்பாட்டையும் கருவியிசையையும் தலைமுறைகளாகக் கற்பித்துவருகிறது. மக்கள் கழகம் 1985இல் அமைத்த சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும், லலிதா வைத்தியநாதனின் வழிகாட்டலில் வளர்ந்து, வீணை, சித்தார், வயலின், குழல் முதலியவற்றை ஒரே மேடையில் சேர்த்தன. அத்தகைய குழுவில் ஒரு வரியை எட்டுப் பேர் வாசிக்கும்போது, எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் கேட்டே வாசிக்கின்றனர். இதே காலத்தில் இதே ஊரில் இருவகை அடுக்குகளும் அருகருகே வாழ்ந்துள்ளன. அவற்றின் வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது கமகம்.

கமகம் என்னும் சோதனை

மிடியில் சுரத்தை வளைப்பதற்குச் சுருதி வளைப்பு என்னும் ஆணை உண்டு. அது 16,384 நுண்படிகளைக் கொண்டது. ஆனால் அப்படிகள் எவ்வளவு இடைவெளியைக் குறிக்கும் என்பதைப் பெறும் கருவியே முடிவுசெய்கிறது. பொதுவான இயல்பமைப்பு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்பதாகும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். சுத்த ரிடபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அசையும் அக்காந்தாரம், மேலும் கீழும் இரண்டு அரைச்சுரத்துக்குள் அடங்கிவிடும். சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் சாரு அடங்காது; அது ஏழு அரைச்சுரம். எனவே வீணை, வயலின் முதலியவற்றைக் கையாள்வோர் அவ்வெல்லையைப் பன்னிரண்டு அரைச்சுரமாக விரிப்பதுண்டு.

சிக்கல் இங்குதான் எழுகிறது. வீணை அடுக்கின் எல்லை பன்னிரண்டாகவும் குழல் அடுக்கின் எல்லை இரண்டாகவும் இருப்பின், ஒரே ஆணை வீணையை ஆறு அரைச்சுரம் வளைக்கும்போது குழலை ஓர் அரைச்சுரமே வளைக்கும். கமகமற்ற நேர்ச்சுரத்தில் இரண்டும் பொருந்தும். கமகம் தொடங்கிய கணமே சுருதி பிளக்கும். அடுக்கும் கருவிகள் அனைத்திலும் வளைப்பின் எல்லையை ஒன்றாக்குவதே தமிழிசையில் இம்முறையைக் கையாள்வோர் முதலில் செய்யவேண்டிய பணியாகும்.

எல்லைகளை ஒன்றாக்கிய பின்னும் வேறொரு குறை எஞ்சுகிறது. வீணையின் மீட்டு உடனே எழும். வில்லிசைக் குழுவின் ஒலி மெல்லப் பருக்கும். ஒரே கணத்தில் ஆணை பெற்றும் இரண்டும் ஒரே கணத்தில் செவிக்கு எட்டுவதில்லை. அதனால் மெல்ல எழும் அடுக்கைச் சில மில்லிநொடி முன்தள்ள வேண்டியிருக்கிறது. ஒரே அழுத்த வேகம் ஒரு கருவியில் மென்மையாகவும் மற்றொன்றில் உரக்கவும் ஒலிக்கும். மாதிரி ஒலியிலேயே பதிந்துள்ள அசைவும் உண்டு. நாகசுரக் கலைஞர் ஒருவர் ஒரு சுரத்தை அசைத்து வாசித்த பதிவின்மீது மீண்டும் வளைப்பைச் சுமத்தினால் இரட்டை அசைவு தோன்றும்.

இவற்றையெல்லாம் சீர்செய்தபின் கிடைப்பது ஒழுங்கான ஒரு பிழம்பு. எல்லா அடுக்குகளும் ஒரே கணத்தில் அசைகின்றன. ஒரே அளவில் அசைகின்றன. இயற்கையில் இருவர் கமகம் அவ்வாறு பொருந்துவதில்லை. திருவீழிமிழலைச் சகோதரர் இருவரின் நாதத்தில் ரசிகர் அறிந்த இணக்கம், இரண்டு வேறுபட்ட மூச்சுகளுக்கு இடையே அமைந்தது. படியெடுத்த அடுக்கில் இணக்கத்துக்கு இடமில்லை. ஏனெனில் இணங்குவதற்கு இரண்டாமவர் இல்லை. ஒரே பகுதியை எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் எளிய வழி இழப்பது இதனையே. அனுபவமுள்ள இசைவாணர் முதன்மை வரியை ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாக வாசித்துப் பதிவதும், அடுக்குகளுள் ஒன்றையேனும் உயிர்க்கலைஞரைக் கொண்டு நிரப்புவதும் இக்காரணம் பற்றியே.

தொழில்நுட்பமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. லிப்போல்டு ஹேக்கன் வடிவமைத்த கண்டினுவம் என்னும் தொடுபலகையில் விரலை வழுக்கியே சுரங்களை இணைக்கலாம். 'டெல்லி 6' (2009) படத்தின் பாடலொன்றில் ரகுமான் அதனைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்க இடந்தரும் மிடி விரிவாக்கம் 2018இலும், மிடி 2.0 நெறிமுறை 2020இலும் ஏற்கப்பட்டன. வானொலி 1940இல் ஆர்மோனியத்தை நோக்கி எழுப்பிய வினாவுக்குக் கட்டைக் கருவியின் தரப்பிலிருந்து கிடைத்த விடையாக இவற்றைக் கொள்ளலாம்.

வாசித்தவர் யார்? சான்று பற்றிய வினா

வரலாற்று ஆய்வாளருக்கு இங்கு ஒரு கடமை உண்டு. எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய 'முன்னேறு வாலிபா' சிங்கப்பூர்த் தமிழர் தலைமுறைகளாகப் பாடிவரும் தேசிய தினப் பாடல். இத்தகைய பாடல்கள் பல பதிவுகளையும் பல இசைக்கோப்புகளையும் கண்டு வாழ்கின்றன. பாட்டை இயற்றியவரின் பெயர் நிலைக்கிறது. பதிவில் ஒலிக்கும் ஒவ்வொரு கருவியின் பின்னாலும் இருந்தவர் மனிதரா, மாதிரி ஒலியா என்ற விவரம் எளிதில் மறைகிறது. குழலோசை கேட்கிறது என்பதைக் கொண்டு அக்காலத்தில் இங்குக் குழற்கலைஞர் இருந்தார் என்று எழுதுவது தவறாக முடியலாம்.

அழிவின் வேகமும் கவலைக்குரியது. மிடிக் கோப்பில் ஆணைகள் உள்ளன, ஒலி இல்லை. அதனை ஒலிப்பிக்கும் மெய்நிகர்க் கருவி மறைந்தால், பாடலின் நிறமும் மறைந்துவிடும். பெருவழக்கிலிருந்த கிகாஸ்டுடியோ 2008இல் கைவிடப்பட்டது. ஆப்பிளின் மேக் இயங்குதளம் 2019இல் 32 பிட் செயலிகளுக்கு ஆதரவை நிறுத்தியபோது, பழைய கருவிகள் பல அதில் இயங்காமற் போயின. ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டு தாங்கியது. இருபது ஆண்டுக்கு முந்திய இசைக்கோப்பை இன்று திறப்பதே அரிதாகிறது.

சிங்கப்பூரில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 2015இல் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கி வழங்கியது. தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியனவும் சேர்க்கப்பட்டன. தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து ஆற்றிய அப்பணி பாராட்டுக்குரியது. அதன் தொடர்ச்சியாக, அடுக்குமுறையில் உருவான பாடல்களைப் பாதுகாக்க ஐந்து செய்திகளை ஒருங்கே சேமித்தல் நலம்: பாடலின் இறுதி ஒலிப்பதிவு, ஒவ்வோர் அடுக்கின் தனி ஒலிப்பதிவு, மிடிக் கோப்பு, பயன்படுத்திய மெய்நிகர்க் கருவிகளின் பெயரும் பதிப்பெண்ணும், வாசித்தோர், பாடியோர், இசை கோத்தோர் ஆகியோரின் பெயர்கள். இவற்றுள் முதலாவது மட்டுமே பெரும்பாலும் காக்கப்படுகிறது. தெம்பனிஸ் வீடொன்றின் சிற்றறையில் உருவான பாடலுக்கும் இது பொருந்தும். அதனை ஆக்கியவர் உயிரோடிருக்கும்போதே இவ்விவரங்களைக் கேட்டுப் பெறுதல் எளிது.

முடிவுரை

அடுக்குமுறை தமிழிசையின் ஒற்றைவரி மரபுக்கு அயலானதன்று. ஆர்மோனியத்தின் ரீடுகளிலும் நாகசுர இணையிலும் அதன் வேர்கள் உள்ளன. 1983இல் ஒலியும் ஆணையும் பிரிந்தபின், அது ஒரு தனிமனிதரின் கைக்குள் வந்தது. சென்னை அதனைச் செவிக்குப் பழக்கியது. சிங்கப்பூரில் உருவான ஒலி அட்டை அதனை இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. புதுநகர வாழ்க்கை அதற்கு இடமளித்தது. பட்டியலில் இடம்பெறாத நம் கருவிகளுக்குக் குரல் தந்ததும், குழுவில் அமர்ந்திருந்த கலைஞரின் இருக்கையை வெறுமையாக்கியதும் இதே முறைதான்.

இனி இசைவாணர் செய்யத்தக்கது, அடுக்குகளுக்கிடையே வேறுபாட்டுக்கு இடம்விடுவது. ஆய்வாளர் செய்யத்தக்கது, ஒவ்வோர் அடுக்கிலும் இருந்தவர் யார் என்று கேட்டு எழுதிவைப்பது. இவ்விரண்டும் நிகழுமாயின், வருங்காலத் தலைமுறை நம் காலத்துப் பாடலைக் கேட்கும்போது, அதன் ஒலியோடு அதனை ஆக்கிய மனிதரையும் அறிந்துகொள்ள இயலும்.